ஒன்பதால் வகுபடுகிறதா?

கோடை விடுமுறையில் நிதித் துறைப் பயிற்சிக்குப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் கற்பனையில் பங்கு விலைகள் ஓடும் பெரிய திரை ஒன்று இருந்தது. அதன் முன்னால் கைகட்டி நிற்பவன் நான். முதல் நாள் எனக்குக் கிடைத்தவை பிரிண்டரை ஒட்டிய ஒரு மேசை, மூன்று மாத வங்கி அறிக்கைகள், ஒரு பென்சில். எட்டு வாரப் பயிற்சியில் முதல் ஆறு வாரங்கள் யாரும் என்னிடம் பங்கு என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை.

எனக்குத் தந்த வேலை வங்கிச் சரிகட்டல். நிறுவனத்தின் ரொக்க ஏடு காட்டும் இருப்பும் வங்கி அறிக்கை காட்டும் இருப்பும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்லூரியில் இந்தக் கணக்கை நான் ஒருமுறையும் தவறவிட்டதில்லை. ஆனால் அங்கே காரணங்களை வினாத்தாளே வரிசையாகச் சொல்லிவிடும்: கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை, வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டது, செலுத்திய பணம் கணக்கில் ஏறவில்லை. அலுவலகத்தில் வித்தியாசம் மட்டும்தான் கையில் இருக்கும். காரணம் ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும்.

முதல் இரண்டு நாட்கள் பற்று எது, வரவு எது என்பதிலேயே தடுமாறினேன். நம் ஏட்டில் உள்ளே வரும் பணம் பற்று. வங்கி அறிக்கையில் அதே பணம் வரவு. வங்கிக்கு அது நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் அல்லவா? இதைத் தேர்வில் அழகாக விளக்கி எழுதியவன்தான், உண்மையான அறிக்கையைக் கண்டதும் எல்லாவற்றையும் தலைகீழாகக் கூட்டினேன்.

மூன்றாவது வாரம் எல்லாம் சரியாகி 2,700 மட்டும் மிஞ்சியது. காலை முழுவதும் நான் 1,350ஐத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு தொகையைத் தவறான பக்கத்தில் எழுதிவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகும். ஆகவே பாதியைத் தேடு என்பது பாடம். 1,350 எங்கும் இல்லை. மதியம் மூத்த கணக்காளர் என் மேசைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். ஓய்வுக்கு ஒரு வருடமே மீதமிருப்பவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டுதான் பேசுவார்.

“ஒன்பதால் வகுபடுகிறதா பாருங்கள், தம்பி.”

“300 வருகிறது, மேடம்.”

“அப்படியானால் முதலில் 300ஐயோ 3,000ஐயோ தேடுங்கள். யாராவது ஒரு சைபரை விழுங்கியிருக்கலாம். அது இல்லையென்றால் இடம் மாறிய இலக்கங்கள். ஆயிரத்துக்கும் நூறுக்கும் மூன்று வித்தியாசம் உள்ள தொகையாகப் பாருங்கள்.”

300ம் இல்லை, 3,000மும் இல்லை. இருபது நிமிடத்தில் அகப்பட்டது: வங்கியில் 8,514, நம் ஏட்டில் 5,814. எட்டும் ஐந்தும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்பது மடங்கு, அவ்வளவுதான். பள்ளி இயற்கணிதம்! மூன்று வருடக் கல்லூரிப் படிப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருவேளை சொன்ன அன்று நான் வகுப்பில் இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏழாவது வாரம் ஒருவழியாக மதிப்பீட்டுக் குழுவில் உட்கார வைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் எதிர்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் எக்செல் கோப்பு. அதில் இறுதி மதிப்பு என்று ஒன்று உண்டு. கணித்த வருடங்களுக்குப் பிறகு வரப்போகும் அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண். எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, அந்த வருடங்களுக்குப் பிறகு என்றும் தொடரும் என்று கருதும் நிரந்தர வளர்ச்சியை 3லிருந்து 4 சதவீதம் ஆக்கினேன். இறுதி மதிப்பு சுமார் 18 சதவீதம் எகிறியது. ஒரு விசையைத் தட்டியதற்கு இத்தனையா? சரிகட்டலில் பைசா பைசாவாகத் தேடிய எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகவே பட்டது.

அந்தக் கோப்பில்தான் நானும் மாட்டினேன். செலவுப் பட்டியலின் கடைசியில் புதிதாக இரண்டு வரிகள் சேர்த்தேன். கூட்டல் சூத்திரம் பழைய வரியோடு நின்றுவிட்டது. லாபம் அழகாகக் கூடியிருந்தது. அழகாக இருந்ததால்தான் நான் சந்தேகப்படவில்லை. குழுத் தலைவர் கண்டுபிடித்தார், ஆனால் திட்டவில்லை. ராய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்களைப் பற்றிப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

படித்தேன். பொதுக்கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று 2010இல் வந்த அவர்களின் கட்டுரை சொன்னது. தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டபோது எண்கள் ஒத்துவரவில்லை. அசல் எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளைச் சேர்க்காமல் நின்றிருந்தது. 2013இல் தன் பேராசிரியர்கள் இருவருடன் அவர் வெளியிட்ட திருத்தக் கணக்கில் வளர்ச்சி 2.2 சதவீதம். இந்த இடைவெளியில் எக்செல் பிழையின் பங்கு சிறியதுதான். விட்டுப்போன தரவுகளும், சராசரி எடுக்கும்போது நாடுகளுக்குக் கொடுத்த எடையும்தான் பெரிய காரணங்கள். ஆனால் கதையாகச் சொல்பவர்கள் எல்லாரும் சூத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் அன்று இரவு நண்பர்களிடம் அப்படித்தான் சொன்னேன், என் இரண்டு வரிகளைப் பற்றி வாய் திறக்காமல்.

கடைசி நாள் பழைய மேசைக்குப் போய் என் சரிகட்டல் கோப்பை ஒப்படைத்தேன். ஒரு மாதத்தில் மட்டும் 450 பிடிபடவேயில்லை. காரணம் தெரியும்வரை தொகைகளை நிறுத்தி வைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டு வைத்திருந்தோம். அதன் மேல் அடுத்து வருபவருக்காகப் பென்சிலால் எழுதினேன்: “225 இல்லை, பார்த்துவிட்டேன். 50, 500 இரண்டும் இல்லை. நூறுக்கும் பத்துக்கும் ஐந்து வித்தியாசம் உள்ள தொகைகளைப் பாருங்கள். ஜூன் பாதிவரை பார்த்தாயிற்று.”

மேடம் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, “கையெழுத்து புரிகிற மாதிரி எழுதுங்கள். அந்த ஐந்து ஆறு போல இருக்கிறது” என்றார்.