போதிசேனர் கண் திறந்த பெருமான்

நாரா நடந்து சேவிக்க வேண்டிய ஊர். கி.பி. 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகரமாக இருந்தது. ஒசாக்காவின் நம்பாவில் கின்டெட்சு ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு நீரூற்று, அதன் நடுவில் ஒரு துறவியின் சிலை. மான்களைப் பார்க்கும் ஆவலில் பலரும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். நீங்கள் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைத் தொடங்குங்கள். அவர் பெயர் க்யோகி. முகம் டோடாய்ஜி ஆலயம் இருக்கும் திசையைப் பார்த்திருக்கிறது.

க்யோகி ஊர் ஊராகப் போய் மக்களைச் சேர்த்துக்கொண்டு பாலமும் குளமும் கட்டியவர். மடத்துக்குள் இருக்க வேண்டிய துறவி தெருவில் இறங்கிக் கூட்டம் சேர்ப்பதா என்று அரசு முதலில் அவரைக் கண்டித்தது. பிறகு காலம் மாறியது. 735 முதல் 737 வரை பெரியம்மை ஜப்பானை வாட்டி எடுத்தது. ஆட்சியைத் தாங்கிய ஃபுஜிவாரா சகோதரர்கள் நால்வரும் ஒரே ஆண்டில் மாண்டார்கள். மன்னர் ஷோமு 743-இல் உலக நலனுக்காக ஒரு மகா புத்தரை வார்க்கப் போவதாக அறிவித்தார். ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து இந்தப் பணியில் சேர யாராவது விரும்பினால் அவர்களைத் தடுக்கக் கூடாது என்று அந்த ஆணையிலேயே எழுதினார். அப்படி மக்களைத் திரட்ட அவருக்குத் துணை வந்தவர் க்யோகிதான். அந்த ஒரு பிடி மண்ணை மனதில் வைத்துக்கொண்டே நான் ஊர் முழுக்க நடந்தேன்.

வழியில் கோஃபுகுஜி ஆலயம். ஐந்தடுக்குக் கோபுரம் திருப்பணியில் இருந்ததால் நேரே கருவூலக் கூடத்துக்குப் போனோம். அங்கே இருக்கும் அசுரர் சிலைக்காகவே நாராவுக்கு வரலாம். 734-இல் அரசி கோம்யோ தன் தாயின் முதலாண்டு நினைவாகக் கட்டிய மண்டபத்துக்குச் செய்தது. மூன்று முகம், ஆறு கை, மெலிந்த உடம்பு. கோரைப் பல்லும் உருட்டு விழியுமாக அசுரர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, புருவத்தை லேசாகச் சுருக்கிக் கைகூப்பி நிற்கும் இந்த இளம்பிள்ளையைப் பார்த்தால் நெஞ்சு கலங்கிவிடும். அவர் அருகே கருடனும் உண்டு.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் மான்கள் கூடவே வரும். கசுகா ஆலயத்தின் தெய்வம் வெள்ளை மான் மீது ஏறி இந்த ஊருக்கு எழுந்தருளியதாக ஐதீகம். அதனால் அவற்றை யாரும் விரட்டுவதில்லை.

டோடாய்ஜியின் தெற்கு வாசல் நந்தாய்மொன். இரு பக்கமும் எட்டு மீட்டருக்கும் அதிக உயரமான மர துவாரபாலகர்கள். 1203-இல் உன்கேய், காய்கேய் என்ற இரு பெரும் சிற்பிகளின் தலைமையில் உருவானவர்கள். ஒருவர் வாய் திறந்திருக்கிறது, மற்றவர் வாய் மூடியிருக்கிறது. பிரணவத்தின் தொடக்கமும் முடிவும் அவை. என்னுடன் வந்த அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானாகவே "ஓம்" என்றார். நான் எதுவும் விளக்கவில்லை.

மகா புத்தர் மண்டபம் 57 மீட்டர் அகலம். 1180-இலும் 1567-இலும் போர்த்தீயில் எரிந்து, 1709-இல் மூன்றாவது முறையாக எழுந்தது. பழைய மண்டபம் இதைவிடவும் அகலம். உள்ளே வைரோசன புத்தர் தாமரைப் பீடத்தில் வீற்றிருக்கிறார், ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். வலக்கை அபயம், இடக்கை வரதம். நம் சந்நிதிகளில் பார்க்கும் அதே கைகள். நாங்கள் இருவரும் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

இந்தப் பெருமானின் கண்ணைத் திறந்தவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த போதிசேனர். பாரத்வாஜ கோத்திரத்து அந்தணராகப் பிறந்து பௌத்தத் துறவியானவர். மஞ்சுஸ்ரீ போதிசத்துவரைத் தேடிச் சீனாவுக்குப் போய், 736-இல் ஜப்பான் வந்தார். துறைமுகத்துக்கே போய் வரவேற்றவர் க்யோகி. 752-இல் கண் திறப்பு நடந்தபோது க்யோகி உயிரோடு இல்லை. ஷோமுவும் அரியணையை மகளுக்குக் கொடுத்துவிட்டு உடல் தளர்ந்திருந்தார். போதிசேனர் பெரிய தூரிகையால் கண்மணியைத் தீட்டினார். அந்தத் தூரிகையில் நீண்ட பட்டு நூல்களைக் கட்டியிருந்தார்கள். ஷோமுவும் அரசி கோம்யோவும் கூடியிருந்தவர்களும் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தூரிகை ஒருவர் கையில், கண் திறந்த புண்ணியம் அத்தனை பேருக்கும். கும்பாபிஷேகத்தில் கலசத்து நீர் ஒரு துளியாவது மேலே படாதா என்று அண்ணாந்து நிற்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தூரிகையும் நீல நூலும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. முதல் தீக்குப் பிறகு 1185-இல் மறுபடி கண் திறந்தபோதும் அதே தூரிகையைத்தான் எடுத்தார்கள்.

"ஏம்மா, இவருக்கு அபிஷேகம் உண்டா?" என்று அத்தை கேட்டார்.

"அபிஷேகம் இல்லை அத்தை. வருஷா வருஷம் ஆகஸ்ட் 7 காலையில துறவிகள் குளிச்சு வெள்ளை உடுத்தி, இவர் மேல ஏறித் தூசி தட்டித் துடைப்பாங்களாம்."

"அதுவும் அபிஷேகம்தான்" என்று முடித்துவிட்டார்.

இந்த விக்கிரகம் அப்படியே 8-ஆம் நூற்றாண்டினது என்று எண்ணிவிடக் கூடாது. 855-இல் நிலநடுக்கத்துக்குப் பிறகு தலை கழன்று விழுந்தது. இரண்டு தீயிலும் உருகியது. இப்போதைய தலை 17-ஆம் நூற்றாண்டில் வார்த்தது. 1567-க்குப் பிறகு எழுப்பிய தற்காலிக மண்டபத்தையும் 1610-இல் புயல் சாய்த்துவிட, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பெருமான் வெட்டவெளியில் மழையில் நனைந்தபடி இருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு துறவி ஊர் ஊராகக் கையேந்தித்தான் திருப்பணி நடந்தது. முதல் தீக்குப் பின் சோகென் பொறுப்பேற்றபோது அவருக்கு 60 வயது கடந்திருந்தது. பீடத்துத் தாமரை இதழ்களில் சில மட்டும் ஆதியில் வார்த்தவை. எல்லா உலகங்களும் அவற்றில் கோடுகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. எதிர்முற்றத்தில் நிற்கும் எண்கோண வெண்கல விளக்கும் அந்தக் காலத்ததே. குழல் ஊதும் போதிசத்துவரை அதில் தேடிப் பாருங்கள்.

மண்டபத்துக்குள்ளேயே கூரை ஓட்டுக்குக் காணிக்கை வாங்குகிறார்கள். பணம் கட்டினால் ஓட்டின் மேல் பெயரையும் வேண்டுதலையும் எழுதலாம். அத்தை தூரிகையை வாங்கி, மறைந்த மாமா பெயரைத் தமிழில் எழுதினார். ஒரு பிடி மண் சுட்டால் ஓடுதானே.

ஜப்பானிய ஆலயங்களில் முத்திரை குத்தி எழுதி வாங்கிக்கொள்வதற்கென்று ஒரு ஏடு வாங்கினோம். அதில் 'கெகோன்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அவதம்சக சூத்திரத்தின் பெயர் அது, இந்த ஆலயத்தின் மறை. அதன் இறுதிப் பகுதியில் சுதனன் என்ற இளைஞன் குருமார்களைத் தேடித் தெற்கே நடக்கிறான். திராமிட, அதாவது திராவிட நாட்டில் மேகன் என்பவரிடமும் உபதேசம் பெறுகிறான்.

மாலையில் மேட்டின் மீதுள்ள நிகாட்சு-டோ மண்டபம். இரவிலும் ஏறலாம், கட்டணம் கிடையாது. மார்ச் 1 முதல் 14 வரை துறவிகள் உலகத்தாரின் பாவங்களுக்காகத் தாங்கள் மன்னிப்புக் கேட்டு நோன்பிருக்கும் இடம் இது. அவர்களுடைய உதவியாளர்கள் மாடத்தில் பெரிய தீப்பந்தங்களை ஏந்தி ஓடுவார்கள். பொறி மேலே பட்டால் நல்லது என்று மக்கள் கீழே காத்திருப்பார்கள். 752-இல் தொடங்கிய இந்த நோன்பு ஆலயமே எரிந்த காலத்திலும் ஓர் ஆண்டுகூட நின்றதில்லை.

மறுநாள் ஊரின் மேற்கே உள்ள ரியோசென்ஜி ஆலயத்துக்குப் போனோம். புத்தர் உபதேசித்த ராஜகிருகத்துக் கழுகுமலையை நினைவூட்டியதால் போதிசேனரே இந்த மலைக்கு அப்பெயர் வைத்தார் என்பது தல வரலாறு. அவர் 760-இல் மறைந்தார், ஊர் திரும்பவில்லை. அவருடைய நினைவுச் சின்னம் அங்கே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. நாரா போகும் நம்மவர்கள் பெரும்பாலும் மானுக்குத் தீனி கொடுத்துவிட்டு மகா புத்தரோடு திரும்பிவிடுகிறார்கள். டோமியோ ஸ்டேஷனில் இறங்கினால் ரியோசென்ஜிக்கு பஸ் உண்டு. அரை நாள் ஒதுக்கி அவரையும் ஒருமுறை சேவித்துவிட்டு வாருங்கள்.