வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விடுதல்

கிளிநொச்சிப் பக்கத்தில் வீட்டு வளவுக்குள் வெங்காயம் வைப்பவர்கள் பெரும்பாலும் தைப்பொங்கல் கழிந்து, மாரி மழை ஓய்ந்து, கால் வைத்தால் மண் ஒட்டாத பதத்துக்கு நிலம் வந்த பின்னரே பாத்தி கட்டுவார்கள். மூன்று வருடங்களுக்கு முன்னர் நானும் அவ்வாறே கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் இடையில் கிடந்த துண்டு நிலத்தைக் கொத்தி, ஒரு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் நீளமுமாக நான்கு பாத்திகள் கட்டி, விதை வெங்காயத்தை 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டேன். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. நாலாம் கிழமை இலை நுனிகள் மஞ்சளாகத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, ஒவ்வொரு மாலையும் மோட்டரைப் போட்டு வரம்பு முட்டப் பாத்தியை நிரப்பினேன். மஞ்சள் கூடிக்கொண்டே போனது. கடையில் சொன்ன மருந்தை வாங்கி அடித்தும் மாற்றம் இல்லை.

பக்கத்து வளவுப் பெரியையா ஒருநாள் வேலியருகே வந்து நின்றவர், உள்ளே வந்து ஒரு கன்றை மெல்லப் பிடுங்கினார். இலை மட்டும் கையோடு வந்தது. குமிழ் மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டது. விரலால் தோண்டி எடுத்த குமிழின் கழுத்து வழுவழுத்து, புளித்த கஞ்சியைப் போல மணத்தது. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீர் வெங்காயத்துக்கோ தண்ணி விடுறீர், நெல்லுக்கோ?" என்று கேட்டார்.

வெங்காயத்தின் வேரைக் கழுவிப் பார்த்தால் அவருடைய கேள்வியின் நியாயம் விளங்கும். குமிழின் அடியிலிருந்து வெள்ளை நூல்களாகப் புறப்படும் அந்த வேர்கள் அதிகம் கிளைப்பதில்லை. வேர்மயிர்களும் மிகக் குறைவு. அவற்றில் பெரும்பகுதி மேல்மண்ணின் 20 சென்ரிமீற்றருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே போன தண்ணீரை வெங்காயத்தால் எட்டிப் பிடிக்க முடியாது. ஆகவே அது விரைவில் காய்ந்துபோகும் பயிர் என்பது உண்மை. ஆனால் ஒரே தடவையில் நிறையக் குடித்து வைத்துக்கொள்ளக்கூடிய பயிர் அன்று. தண்ணீர் தேங்கினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி வேர் மூச்சடைக்கும். அப்போதும் இலை நுனி மஞ்சளாகத்தான் தெரியும். வறட்சிக்கும் மஞ்சள், வெள்ளத்துக்கும் மஞ்சள் என்பதால், இலையைப் பார்த்துத் தண்ணீர் விடுபவன் என்னைப் போலத்தான் ஏமாறுவான்.

பிறகு ஒருநாள் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் சரியாக ஒரு லீற்றர். வெயில் காலத்தில் பாத்தியிலிருந்து ஒரு நாளுக்கு 5 மில்லிமீற்றர் போகிறது என்று வைத்துக்கொண்டால், என்னுடைய மூன்று சதுர மீற்றர்ப் பாத்திக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர், நான்கு நாட்களுக்கு ஒருமுறை விடுவதென்றால் 60 லீற்றர், அதாவது பத்து லீற்றர் வாளியால் ஆறு வாளி போதும். என் வரம்புகள் 7 சென்ரிமீற்றர் உயரமானவை. அவற்றை முட்ட நிரப்பியபோது ஒவ்வொரு மாலையும் ஒரு பாத்திக்கு 200 லீற்றருக்கு மேல் விட்டிருக்கிறேன். போட்ட யூரியாவும் அந்தத் தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கியிருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு, இப்படி இறைப்போடு கீழே போன பசளையும் ஒரு காரணம் என்பதை வாசித்திருந்தும், என் கிணற்றுக்கும் அது பொருந்தும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது நாள் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்க்கிறேன். சுட்டுவிரலை இரண்டாவது மொழி வரை மண்ணுக்குள் விட்டு, அடியில் குளிர்ச்சி இருந்து, எடுத்த மண்ணை உருட்டினால் உருண்டை நின்றால், அன்று தண்ணீர் இல்லை. உதிர்ந்தால் மறுநாள் காலையில் விடுவேன். எங்கள் செம்மண்ணில் இது பொதுவாக மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை வரும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இரண்டு நாள்கூடத் தாங்காது. மன்னார்ப் பக்கத்து முருங்கன் களிமண்ணில் அதற்கு மாறாக ஈரம் நெடுநாள் நிற்கும். ஆகவே அயலூரார் சொல்லும் நாட்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. செம்மண் காய்ந்தால் மேலே ஓடு போல இறுகிவிடும் என்பதால், தண்ணீர் விடுவதற்கு முன் வரிசைகளுக்கு இடையில் குமிழில் படாமல் மெல்லக் கொத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிப்போய்ப் பள்ளமான மூலையில் தேங்கும்.

நட்ட முதற்கிழமை மட்டும் பூவாளியால் நாள்தோறும் லேசாகத் தெளிக்கிறேன். முளை வந்த பின் வாய்க்கால் வழியே விடுவதுதான் நல்லது. பாத்தியின் வாயில் ஒரு பொச்சுமட்டையைக் கவிழ்த்து வைத்தால், தண்ணீர் அதன்மேல் விழுந்து வேகம் குறைந்து பரவும். அது இல்லாமல் விட்டபோது வாய்ப்பக்கத்து முதல் இரண்டு வரிசையும் கிளம்பி மிதந்தன. மாலையில் இலை நனையும்படி ஊற்றுவதை அறவே விட்டுவிட்டேன். இரவு முழுவதும் ஈரமாக நிற்கும் இலையில் பங்கசு நோய் எளிதில் பற்றும். இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய பனிப்பூச்சி கூடும் வறண்ட நாட்களில் மட்டும் காலையில் இலைமேல் தெளிப்பதுண்டு; பூச்சியில் ஒரு பகுதி அதனால் கழுவுண்டு போகும், வெயில் ஏற இலையும் காய்ந்துவிடும்.

நட்டு ஒரு மாதத்துக்குப் பின் குமிழ் பிரிந்து பருக்கத் தொடங்கும். கன்றைச் சுற்றி மண் மெல்லிய வெடிப்பாகப் பிளப்பதைப் பார்த்து இதை அறியலாம். இந்தக் காலத்தில் இறைப்பைத் தவறவிட்டால் குமிழ் சிறுத்துவிடும்; தவறவிட்டதை ஈடுசெய்ய ஒரே நாளில் வெள்ளமாக விட்டால் தோல் வெடிக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது நிறுத்துவதுதான். இலைகள் கழுத்தில் மடிந்து சாயத் தொடங்கியதும், கிண்டுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே தண்ணீரை அடியோடு நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் கழுத்து ஒடுங்கிக் காய்ந்து, குமிழ் வைத்திருக்கத் தாங்கும். போன வருடம் நான் நிறுத்திய பின்னும் குசினிப்பக்கத்துப் பாத்தி மட்டும் பச்சையாகவே நின்றது. இரண்டு நாள் கழித்துத்தான், அரிசி கழுவிய தண்ணீரை அம்மா காலையும் மாலையும் அதற்குள் ஊற்றிக்கொண்டிருந்ததைக் கண்டேன். "வாடிப்போய் நிக்குது, பாக்கப் பாவமா இருந்துது" என்றார். அந்தப் பாத்தி வெங்காயத்தைத் தனியாகப் பிடி கட்டி, கறிக்கு முதலில் எடுக்கும்படி அடுப்படி வளையில் தொங்கவிட்டோம். மற்ற மூன்று பாத்தி வெங்காயமும் ஆடி மாதம் வரை இருந்தன. அம்மாவின் பிடியில் ஒவ்வொரு முறையும் கழுத்து மெத்தென்று இருந்ததைத் தேடிப் பிடுங்கித்தான் சம்பலுக்கு அரிந்தோம்.