வசூல் வேலையும் உபாகமமும்

மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனம் ஒன்றில் களப்பணியாளராக இருக்கிறேன். மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுப்பது, தவணை வசூலிப்பது, கட்டாதவர்களைத் தேடிப் போவது, இதுதான் வேலை. காலையில் கிளம்பும் முன் வேதம், அதாவது பைபிள், வாசிப்பது சின்ன வயதுப் பழக்கம். ஆனால் அந்த வாசிப்பு வேலைக்கும் வழி சொல்லும் என்று எனக்குத் தெரியவந்தது இங்கே சேர்ந்த பிறகுதான்.

எங்கள் சபையில் புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம், ஆளுக்கொரு பைபிள் வசனம் எழுதிய அட்டை. அந்த வசனம் வருஷம் முழுக்க மனதுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் ஒரு முடிவெடுக்கும் நேரத்தில், ஒற்றை வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்வது ஆபத்து. என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், அவரும் விசுவாசிதான், தவணை தவறியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து 37:21-ஐ எடுப்பார். துன்மார்க்கன் கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தமாட்டான் என்று. அதே வசனத்தின் மறுபாதியோ, நீதிமான் இரங்கிக் கொடுக்கிறான் என்கிறது. முழுசாக வாசித்தால் அந்த வசனம் கடன் வாங்கினவளோடு நிற்பதில்லை, நோட்டும் கையுமாக வாசலில் நிற்கிற நம்மையும் பார்க்கிறது.

அதனால் நான் பைபிளில் ஒரு ஆகமத்தை, அதாவது ஒரு புத்தகத்தை, எடுத்தால் முதலிலிருந்து வரிசையாகப் போவேன். தினமும் கொஞ்சம்தான். ஒரு தடவை சத்தமாக, இன்னொரு தடவை மெதுவாக. இதில் யாருக்கு யார் மேல் அதிகாரம் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்தச் சொல்கிறார் ஆண்டவர் என்று கேட்டுக்கொள்வேன். மனதில் தைத்ததை டைரியில் ஒரு வரி எழுதிவிட்டு, அதையே ஜெபமாகச் சொல்வேன்.

பைபிளின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்தை வாசித்துவந்த நாட்களில்தான் மாவு அரைத்து விற்கும் ஒரு அக்காவின் தவணை நின்றது. வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை. கிளை மேலாளர் என்னிடம் சொன்னது இது: "நாளைக்கு வீட்டுக்குள்ளயே போய் உக்காந்துரு. பணம் வரலைன்னா கிரைண்டரத் தூக்கிட்டு வா."

மறுநாள் காலையில் வந்த பகுதி 24-ஆம் அதிகாரம். மாவு அரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது ஒருவனுடைய ஜீவனையே அடகு வாங்குவது போல என்கிறது 6-ஆம் வசனம். 10, 11-இல் இன்னும் துல்லியம். கடன் கொடுத்தவன் அடகை வாங்க, கடன்பட்டவன் வீட்டுக்குள் போகக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், வாங்கினவனே கொண்டுவந்து தரட்டும். எத்தனையோ தடவை வாசித்துக் கடந்துபோன சட்டங்கள்தான். அன்றைக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. கடனைக் கேட்காதே என்று அங்கே சொல்லவில்லை. கேட்கப் போகிறவன் அந்த வீட்டுக்காரியின் மானத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொல்கிறது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

கிளையில் போய் வசனத்தைச் சொல்லவில்லை. பல மதத்தார் வேலை பார்க்கும் இடம், தவிர அந்த வசனம் முதலில் என்னிடம் பேசியது. பைபிளில் நெகேமியா புத்தகத்தின் 5-ஆம் அதிகாரத்தில், ஏழைகள் நிலத்தை அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக்க வேண்டிவந்த கதையைக் கேட்டு, யூதேயாவின் ஆளுநரான நெகேமியாவுக்குக் கடும் கோபம் வருகிறது. ஆனாலும் தனக்குள் யோசித்துவிட்டுத்தான் கடன் கொடுத்த பிரபுக்களிடம் பேசுகிறார். நானும் யோசித்து, ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளை எடுத்துப் பேசினேன். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் அடமானம் இல்லாத கடன். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் போட்டு நெருக்கக் கூடாது. பேசிவைத்த பொது இடத்தில்தான் வசூல், அங்கே அடுத்தடுத்து இரண்டு தடவை வராவிட்டால் மட்டுமே வீட்டுக்குப் போகலாம். "வீட்டுக்குப் போறேன் சார், ஆனா உள்ளே போக மாட்டேன், பொருள் எதையும் எடுக்க மாட்டேன்" என்றேன். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. டார்கெட்டை ஞாபகப்படுத்தினார். சரி சார் என்று கிளம்பினேன்.

அந்த அக்கா, "உள்ளே வா தம்பி" என்றார். "இருக்கட்டும்க்கா, இங்கேயே நிக்கேன்" என்றேன். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாவு விற்ற காசில் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார், ரசீது போட்டேன். மீதியை எப்படிப் பிரித்துக் கட்டலாம் என்று பேசினோம். அந்த மாதம் என் வசூல் கணக்கு குறைந்தது உண்மை.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. உன் சகோதரனிடம் வட்டி வாங்காதே என்கிறது உபாகமம் 23:19. என் சம்பளம் வட்டியிலிருந்துதான் வருகிறது. ஆண்டவர் என்னை இந்த வேலையிலேயே நேர்மையாக இருக்கச் சொல்கிறாரா, விட்டுவிட்டு வரச் சொல்கிறாரா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அவசரப்பட்டு ஒரு வசனத்தைப் பிடித்து முடிவு கட்டவும் மனமில்லை. இப்போது நெகேமியாவை முதல் அதிகாரத்திலிருந்து வாசித்து வருகிறேன்.