பள்ளம் தானே, அக்கா?

ஜூன் 10, செவ்வாய்

நேற்று ராத்திரி தம்பி வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்றே முக்கால். பெங்களூரில், டோம்ளூரில் இருந்து அல்சூர் வர இவ்வளவு நேரமா? 100 அடி சாலையில் வண்டி எதன் மேலோ ஏறி இறங்கிய மாதிரி இருந்ததாம். திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறான். பள்ளம். சரி என்று கிளம்பினால், திரும்பிப் போன வழியில் யாரையாவது தட்டியிருப்போமோ என்று அடுத்த சந்தேகம். அதற்கு இன்னொரு சுற்று.

கீழே வண்டியை நிறுத்திவிட்டு மொபைல் டார்ச்சை அடித்து டயரைத் தடவித் தடவிப் பார்த்தான். மட்கார்டுக்கு உள்ளே கைவிட்டு விரலை முகர்ந்தான். செம்மண்தான்.

"பள்ளம் தானே அக்கா?"

"பள்ளம்தான்டா."

"நிஜமா?"

ஜூன் 11

காலையில் பேப்பரில் விபத்துச் செய்தி தேடினான். தமிழில் எதுவும் இல்லை என்று கன்னடப் பேப்பரையும் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். ஆபீஸுக்கு லேட்.

ஜூன் 16, திங்கள்

நிம்ஹான்ஸ், மனநல ஆஸ்பத்திரி. விடியற்காலையில் கிளம்பியும் எங்களுக்கு முன்னால் நீள வரிசை. ஆந்திராவில் இருந்து, சேலத்தில் இருந்து, கல்கத்தாவில் இருந்தெல்லாம் வந்திருந்தார்கள். சேலத்து அம்மா ஒருவர் மகளின் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணின் கை தோல் உரிந்து, மணிக்கட்டு வரை வெளுத்திருந்தது.

டாக்டர் அவசரப்படவில்லை. இந்த எண்ணங்களில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று கேட்டார். அஞ்சு இருக்கும் சார் என்றான். நான் மூன்று என்று நினைத்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்றார். "யாரையும் இடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்றதற்கு அவன் சொன்னான்: "தொண்ணூத்தொம்பது பங்கு தெரியும் சார். அந்த ஒரு பங்குதான் தூங்க விடல."

ஓசிடி என்றார்: வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய். அதன் கடுமையை அளக்க யேல்-பிரவுன் என்று ஓர் அளவுகோல். பத்துக் கேள்வி, மொத்தம் 40. இவனுக்கு 29. 24-ஐத் தொட்டாலே கடுமை என்று கணக்கு.

ஃப்ளூஆக்ஸெடின் மாத்திரை, 20 மில்லிகிராம். போகப் போக 40, 60 என்று ஏற்றுவார்களாம். மனச்சோர்வுக்குக் கொடுப்பதை விட ஓசிடிக்குக் கூடுதல் அளவு தேவைப்படும், முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது. கூடவே தெரபி.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "அவர் கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?" பள்ளம்தான்னு சொல்வேன் சார். "சொன்னா எவ்வளவு நேரம் நிம்மதியா இருக்கார்?"

ஜூன் 17

எவ்வளவு நேரம். இன்று கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம்.

ஜூன் 20, வெள்ளி

நான் பதில் சொல்வது சொறி சிரங்கைச் சொறிவது மாதிரி என்கிறார் தெரபிஸ்ட். சொறிகிற நேரம் சுகம், அப்புறம் முன்னை விட அரிப்பு. கேள்விக்குப் பதில் சொல்வது, அவனோடு போய் ரோட்டைப் பார்ப்பது, டயரைத் துடைத்துக் கொடுப்பது எல்லாமே அந்த வகை. வீட்டில் இருப்பவர்கள் பாசத்தில் செய்வதுதான், எல்லா வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் நோய்க்கு அது தீனி.

சரி. இருபத்தாறு வயதுப் பையன் வேர்த்து விறுவிறுத்து முன்னால் நிற்கும்போது ஒரு வார்த்தையை எப்படி வாய்க்குள் வைத்துக்கொள்வது?

ஜூன் 22

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 1978-ல் ராக்மேன் என்பவரும், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா என்பவரும் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் இதே மாதிரிக் கன்னாபின்னா எண்ணங்கள் வருகின்றனவாம். பெரும்பாலானவர்களுக்கு. அதில் நானும் உண்டு. அல்சூர் மெட்ரோவில் ரயில் வரும்போது, பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தோன்றியிருக்கிறது. தோன்றும், போய்விடும். ரயில் ஏறிவிடுவேன். தம்பிக்கு அது போகவில்லை. 'இப்படித் தோணுதுன்னா நான் எப்பேர்ப்பட்ட ஆளு' என்று பிடித்துக்கொள்கிறான்.

ஓர் எறும்பை மிதிக்க மாட்டான். அதனால்தான் இந்தப் பயம் இவனிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. யார் மேல் உயிரோ அவர்கள் மேல்தான் கை வைக்கிறது இது.

ஜூன் 27, வெள்ளி

தெரபியில் பயிற்சி தொடங்கியது. பயப்படும் காரியங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் நூறுக்கு எத்தனை பயம் என்று போடச் சொன்னார்கள். பார்க்கிங்கில் ஒரு செங்கல் மேல் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டு டயரைப் பார்க்காமல் மாடிக்கு வருவது 35. 'நான் இன்று யாரையோ இடித்திருக்கலாம்' என்று எழுதி உரக்கப் படிப்பது 60. மர்ஃபி டவுன் மார்க்கெட் வழியாகச் சாயங்காலம் ஓட்டுவது, திரும்பிப் போகாமல் இருப்பது 80. கேமரா இல்லாமல் ஓட்டுவது 90.

அந்தக் கேமரா. ஹெல்மெட்டில் மாட்ட வாங்கினான். ராத்திரி முழுக்கப் படத்தை ஓட்டி, நிறுத்தி, பின்னால் தள்ளி, திரும்ப ஓட்டி. நிம்மதி வாங்கப் போய், பார்க்க இன்னும் ஒரு சாலையைச் சேர்த்துக்கொண்டான்.

1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இந்த முறையைச் செய்து பார்த்திருக்கிறார். பயத்தின் பக்கத்தில் போ, ஆனால் வழக்கமான சடங்கைச் செய்யாதே. இன்றைக்கும் இதற்கு முதலில் பரிந்துரைக்கும் தெரபி அதுதான்.

ஜூலை 3

கேட்டான். சொல்லவில்லை.

தெரபிஸ்ட் முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "இருக்கலாம்டா, இல்லாமலும் இருக்கலாம். இதுக்கு நான் பதில் சொல்றதில்லைன்னு பேசியிருக்கோம்ல." சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். காது மடல் சிவந்து, கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு தடவை அக்கா, ஒரே ஒரு தடவை என்றான். நான் கிச்சனுக்குப் போய் வெங்காயம் உரித்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவனே வந்து, சாப்பாடு ரெடியா என்றான்.

ஜூலை 5, சனி

அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கிறான்! கிருஷ்ணகிரியில் இருந்து அம்மா, "ஒண்ணும் ஆயிருக்காதுடா கண்ணு, நீ யாரு" என்று ராத்திரி ஒரு மணிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 6

அம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். பையில் தாயத்து.

"புள்ளை அழுவுறான், பதில் சொல்ல மாட்டேன்றியாமே. உனக்கு என்ன கல்லு மனசாடி?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டாள், ஒப்புக்கொள்ளவில்லை. நிம்ஹான்ஸ் என்ற பேர் வெளியே தெரிந்தால் நாளைக்குப் பெண் யார் கொடுப்பார்கள் என்பது அவள் கவலை. அப்புறம் பேச்சு சித்தப்பா பக்கம் போனது. கடை ஷட்டரை இழுத்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வருவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், மறுபடி வருவார். கடைசியில் கடைக்குள்ளேயே படுக்க ஆரம்பித்தார். "அவரு சுபாவம் அப்படி" என்றுதான் அம்மா எங்களுக்குச் சொல்லியிருந்தாள். இது குடும்பத்தில் வருவதுண்டு என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா வெகு நேரம் பேசவில்லை. "அப்ப அவருக்கும் மாத்திரை இருந்திருக்கும்" என்றாள்.

ஜூலை 12

மாத்திரை 40 ஆனதில் இருந்து குமட்டல், சரியான தூக்கம் இல்லை. ரசம் சாதம்.

ஜூலை 18

ஆடி முதல் வெள்ளி. அம்மா கூழ் காய்ச்சினாள். தாயத்துக் கட்டட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை, அவசியமும் இல்லை. ஆனால் ராத்திரி அவன் அம்மாவிடம் கேட்டபோது, அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்து, "தெரியலடா கண்ணு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 24

ஆபீஸில் ஒருத்தி மேசையில் பேனாக்களை ஒரே வரிசையில் அடுக்கிவிட்டு, எனக்கு ஓசிடி என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அடுக்கினால் திருப்தி வருகிறது. என் தம்பிக்கு வருவதே இல்லை, அதுதான் நோய். சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பரவாயில்லை.

ஜூலை 29

ரோட்டைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டான். மழை, சி.எம்.எச். ரோட்டில் இருட்டு. நனைந்து வந்து நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை, துண்டை மட்டும் கொடுத்தேன். ஏன் இவனுக்கு? இத்தனை கோடிப் பேரில் ஏன் இவனுக்கு?

ஆகஸ்ட் 7, வியாழன்

பின்னால் உட்கார்ந்து போனேன். ஓல்டு மெட்ராஸ் ரோடு. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினோம். சட்டைக்குள் தோள்பட்டை இரண்டும் காது வரை ஏறின. இடது கை பிரேக்கில் பாதி வந்து நின்றது. கண்ணாடியில் அவன் கண் என்னைத் தேடியது. நான் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். நூறுக்கு எத்தனை பயம் என்று கேட்டேன். எழுபது. சிக்னலில் எழுபத்தஞ்சு. அல்சூர் ஏரி வரும்போது ஐம்பது. வீட்டில் ஏறும்போது முப்பது என்று அவனாகவே சொன்னான். யாரும் பதில் சொல்லவில்லை, ரோட்டைப் போய்ப் பார்க்கவில்லை, அதுவே இறங்கியது.

ஆகஸ்ட் 12

யேல்-பிரவுன் ஸ்கோர் 21. அவனுக்குச் சந்தோஷம். 35 சதவீதமாவது குறைந்தால்தான் சிகிச்சை நன்றாகக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்வார்களாம். 29-ல் இருந்து என்றால் 18-க்கு வர வேண்டும். மாத்திரை 60.

ஆகஸ்ட் 14

கேமராவை விற்க விளம்பரம் போட்டான். இரண்டு பேர் விசாரித்தார்கள். ஒருவரிடமும் விலை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்றாவதாக ஒருவர் கே.ஆர். புரத்தில் இருந்து வந்து கேமராவை வாங்கிக்கொண்டு போனார். மெமரி கார்டைக் கழற்றி இவன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். தெரபிஸ்டிடம் அவனே சொல்வானா, நான் சொல்ல வேண்டுமா? அடுத்த தடவை கேட்க வேண்டியது: 60-ல் கை லேசாக நடுங்குகிறது, அது மாத்திரையாலா. மாத்திரையை எத்தனை வருஷம் எடுக்க வேண்டும். அம்மா ஊருக்குப் போனதும் போனில் கேட்டால் என்ன செய்வது.