செயினா ஷாஃப்ட்டா? பல வருஷம் ஓட்டுனப்புறம் தோணுனது

ஸ்போர்ட் டூரர், அதாவது வேகமாவும் ரொம்ப தூரமும் போறதுக்கான பைக், வாங்கப்போறேன்னு சொல்ற எல்லாரும் பவர் எவ்ளோ, மைலேஜ் எவ்ளோன்னுதான் கேக்கறாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு என்னாகும்னு யாரும் கேக்கறதே இல்ல.

கவாசாகி நிஞ்ஜா 1000 செயின் வண்டி, 1043 சிசி. யமஹா எஃப்ஜேஆர் 1300, கவாசாகி கான்கோர்ஸ் 14 ரெண்டும் ஷாஃப்ட், செயினுக்குப் பதிலா ஒரு தண்டு பின் சக்கரத்தச் சுத்தும். செயின்னா லூப், அதான் செயின் ஆயில் ஸ்ப்ரே, அடிச்சுகிட்டே இருக்கணும், மழைல நனைஞ்சா அன்னிக்கு ராத்திரியே தொடச்சு அடிக்கணும், நாள் பூரா ஓட்டிட்டு லாட்ஜ் வாசல்ல டார்ச்ச வாயில கவ்விகிட்டு உக்காந்து பாத்தவங்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும். ஷாஃப்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்ல, ஆயில் மாத்துனா போதும், ஆனா எஃப்ஜேஆர் 290 கிலோ பக்கம் வரும், பார்க்கிங்ல தள்ளுனா இடுப்பு கழண்டுடும்.

ஆனா என்ன நடுரோட்டுல நிறுத்துனது செயினும் இல்ல ஷாஃப்ட்டும் இல்ல, பேட்டரி சார்ஜிங். கிருஷ்ணகிரி தாண்டி மீட்டர் மங்கிச்சு, அப்புறம் செல்ஃப் எடுக்கல. மெக்கானிக் அண்ணன் பேட்டரில வோல்ட் மீட்டர் வச்சு 5000 ஆர்பிஎம் ஏத்துனாரு, 14 வோல்ட் கிட்ட காட்டணும், 12.3 தாண்டல. சீட்ட கழட்டுனா எஞ்சின்ல வர்ற கரண்ட்ட பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தற ரெக்டிஃபையருக்குப் போற மூணு மஞ்ச வயர், அந்த பிளக் காபி கலர்ல கருகி உருகிக் கெடந்துச்சு.

பழைய வண்டி பாக்கப் போறீங்கன்னா மொதல்ல அந்த பிளக்க கழட்டிப் பாருங்க. டயர் நடுவுல மட்டும் தட்டையா தேஞ்சிருக்கான்னும் பாருங்க, ஹைவேல நேராவே ஓட்டுன வண்டி அப்படித்தான் ஆகும், வளைவுல சட்டுனு சாயும். எஃப்ஜேஆர்னா 42,000 கிலோமீட்டர்ல வால்வ் கிளியரன்ஸ், அதாவது எஞ்சின் வால்வ் இடைவெளி, செக் பண்ண பில் இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க.