சனிக்கிழமை சரி, அப்புறம்?

பாலித் தீவில் குளுங்குங் ஊருக்குப் போனது கெர்த்த கோச என்ற பழைய அரண்மனை நீதி மண்டபத்தைப் பார்க்கத்தான். கூரை முழுக்க ஓவியம். எந்த மாதம் நிலம் நடுங்கினால் என்ன பலன் என்பதற்கே தனி வரிசை. பல்லி விழும் பலன் படித்து வளர்ந்தவனுக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை; கழுத்துதான் வலித்தது.

அங்கிருந்து ஸ்கூட்டரில் சில நிமிடம், கமாசான் கிராமம். ஒரு வீட்டுத் திண்ணையில் துணி மெருகேறிக்கொண்டிருந்தது. பருத்தித் துணியை அரிசிக் கஞ்சியில் தோய்த்து, வெயிலில் காயவைத்து, பெரிய சோழியால் அழுத்தித் தேய்க்கிறார்கள். கரகரவென்ற சத்தம் மெல்ல அடங்கி, சோழி வழுக்க ஆரம்பித்தால் துணி தயார்.

சுவரில் தொங்கியது பலெலிந்தாங்கான், நாள் பார்க்கும் ஓவியத் துணி. குறுக்கே ஏழு, நெடுக்கே ஐந்து, மொத்தம் 35 கட்டம். கட்டத்துக்கு ஒரு லிந்தாங், அதாவது நட்சத்திரம்: யானை, நண்டு, பாரம் ஏற்றிய கப்பல், தலைகீழாக நிற்கும் காலன். ஓட்டை விழுந்த மீன்கூடைகூட உண்டு. அதில் பிறந்தவன் கையில் காசு தங்குமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த அம்மாள் கிழமைகளைச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோம, அங்கார, புத, சுக்ர, சனிஸ்சர. நம்ம வீட்டுப் பிள்ளைகள்!

“எப்போது பிறந்தீர்கள்?”

“சனிக்கிழமை, இபு.” (இபு என்றால் அங்கே அம்மா.)

“சனிஸ்சர சரி. அப்புறம்?”

அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரமும் கூடவே ஓடுகிறது: உமானிஸ், பாயிங், போன், வகே, கிளிவோன். இரண்டும் சேர்ந்தால்தான் கட்டம் கிடைக்கும். 35 நாளுக்கு ஒருமுறைதான் அதே ஜோடி திரும்பும். ஊருக்கு போன் போட்டேன். அம்மாவுக்கு நட்சத்திரம், பாதம், நாழிகை எல்லாம் மனப்பாடம், பாயிங்காவது போனாவது!

அச்சுப் படமும் விற்கிறார்கள். வேண்டாம் என்று, கையால் வரைந்த சின்னத் துணி ஒன்றை வாங்கிக்கொண்டேன். பேரம் பேச மனம் வரவில்லை.

ராத்திரி விடுதியில், வரவேற்பறைக் காலண்டரில் அன்றைய நாளைப் பார்த்துக்கொண்டு, 1983 மார்ச் 12 வரை பின்னோக்கி நாள் எண்ணினேன். லீப் வருடத்தில் இரண்டு முறை தப்பு. மூன்றாம் முறை ஐந்தால் வகுத்ததும் விடை வந்தது: பாயிங். துணியை மெத்தையில் விரித்து சனிஸ்சர வரிசையில் விரல் வைத்தேன். அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.