அப்பாவின் லாரிக்கு எந்த நீலம்?

மட்கார்டுக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பீடிங் ஓடும். அதைக் கழற்றிய அன்றுதான் எங்கள் லாரியின் முதல் நிறத்தை நான் பார்த்தேன். விரல் அகலத்துக்கு ஒரு நீலக் கோடு. நாற்பது வருஷமாக வெயிலே படாத கோடு.

வண்டி 1984 மாடல் டாடா 1210. மூக்கு வைத்த லாரி. 1954-ல் டெய்ம்லர்-பென்ஸோடு சேர்ந்து டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது; 1969-ல் அந்தக் கூட்டு முடிந்து கிரில்லில் இருந்த நட்சத்திரம் போனது. ஆனாலும் பழைய டிரைவர்கள் இந்த வண்டிகளை வெகுநாள் ‘பென்ஸ்’ என்றேதான் சொன்னார்கள். அப்பா 1986-ல் இரண்டாம் கையாக வாங்கினார். தர்மபுரிப் பக்கத்துப் புளியை ஏற்றிக்கொண்டு பெங்களூரு நியூ தரகுபேட்டை மண்டிக்கு வருவார். அந்த ஓட்டத்தால்தான் எங்கள் குடும்பமே ஸ்ரீராமபுரத்துக்குக் குடிவந்தது. 2006-க்குப் பிறகு வண்டி ஓடவில்லை. இஞ்சினையும் பிரேக்கையும் சரிசெய்ய ஒன்றரை வருஷம் ஆனது, அது தனிக்கதை. பெயிண்ட் வேலைக்கு ஒரு மாதம் போதும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆயிற்று.

முதல் சிக்கல், வண்டி என்ன நிறம் என்பதிலேயே வந்தது. அப்பா கருநீலம் என்றார். கொஞ்ச காலம் கிளீனராக இருந்த சித்தப்பா மஞ்சள் என்றார். எனக்கும் அம்மாவுக்கும் நினைவில் இருப்பது பழுப்பு. மூன்று நிறமும் சரிதான் என்று கெங்கேரி தாண்டி ஒரு ஷெட்டில் வைத்துப் பெயிண்டர் அண்ணன் காட்டினார். பானட்டின் உள்பக்க விளிம்பில் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, 320 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேய்த்தார். வெட்டிய மரத்தின் வளையம் மாதிரி அடுக்குகள் தெரிந்தன. மேலே மஞ்சள், அதற்கடியில் பழுப்பு, சாம்பல் பிரைமர், பிறகு நீலம், கடைசியில் ரெட் ஆக்சைடு, நடுவில் தகடு. இதை யாராவது செய்து பார்ப்பதானால் தண்ணீர் விட்டே தேய்க்கவேண்டும். பழைய மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் ஈயம் இருக்கும். உலர்ந்த தூள் மூச்சில் போகக்கூடாது.

அந்தப் பழுப்புக்குக் காரணம் சட்டம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நேஷனல் பெர்மிட் லாரி காய்ந்த இலைப் பழுப்பில், 30 சென்டிமீட்டர் அகல வெள்ளைப் பட்டையோடு அப்போது இருக்கவேண்டியிருந்தது. 1990-லிருந்து ஆறு வருஷம் அப்பா நேஷனல் பெர்மிட்டில் ஓட்டினார். நான் சின்னப் பையன். தெருமுனையில் பழுப்பு மூக்கு தெரிந்தால் அப்பா வந்துவிட்டார் என்று ஓடுவேன். அதனால் பழுப்பே அடிக்கலாம் என்று மனசுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். கையில் இருந்த அரிசி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அந்தக் கலர் வேணாம்டா” என்றார். “அது அடிச்ச நாளிலிருந்துதான் உங்கப்பா மாசக்கணக்குல வீட்டுல இல்ல.”

எனக்கு அந்த நிறம் அப்பா வந்த நாட்கள். அம்மாவுக்கு வராத நாட்கள். வந்த நாட்களைவிட வராத நாட்கள் எத்தனை மடங்கு அதிகம் என்று அன்று ராத்திரிதான் எண்ணிப் பார்த்தேன். நீலம் என்று அத்தோடு முடிவானது. அப்பா தினமும் வீடு திரும்பிய வருஷங்களின் நிறம் அது.

இடையில் ஒரு நண்பர் ராணுவப் பச்சை அடித்தால் கம்பீரமாக இருக்கும் என்றார். அது முடியாது. பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது.

சரி, எந்த நீலம்? பீடிங்கின் கீழே இருந்த கோட்டைத்தான் நம்பினேன். ஆனால் அது லேசாகப் பச்சை கலந்ததுபோல் இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, இது இல்லை என்றார். அவருக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று நினைத்தேன். பெயிண்டர் அண்ணன்தான் தடுத்தார். “தம்பி, எனாமல் இருட்டுல கிடந்தா மஞ்சளிக்கும். மட்கார்டைக் கழட்டி பத்து நாள் வெயில்ல வை, அப்புறம் பேசு” என்றார். எண்ணெயும் ரெசினும் சேர்ந்த பழைய சிந்தெடிக் எனாமலின் குணம் அது. வெளிச்சம் இல்லாத இடத்தில் மஞ்சளாகும், வெயில் பட்டால் அந்த மஞ்சள் பெருமளவு விலகும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சையாகத்தானே தெரியும்? பத்தாம் நாள் மட்கார்டைத் திருப்பிப் பார்த்தோம். பச்சை போய், அடர்ந்த சுத்தமான நீலம் வந்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். அவர் நினைவைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கு வருத்தமாக இருந்தது.

எனாமல் டப்பாக்களில் வரும் நீலங்களுக்கு இந்தியத் தரநிலையில் பெயரும் எண்ணும் உண்டு. ஐ.எஸ். 5 என்பது அந்தத் தரநிலை. பிரெஞ்ச் புளூ 166, ஆக்ஸ்ஃபோர்டு புளூ 105. எங்கள் கோடு இரண்டுக்கும் நடுவில் நின்றது. பிரெஞ்ச் புளூவைவிட ஆழம், ஆக்ஸ்ஃபோர்டு அளவுக்கு இருட்டு இல்லை. அதனால் ஜே.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் மெஷின் வைத்து நிறம் எடுக்கக் கொடுத்தோம். மெஷின் தரும் ஃபார்முலா அது பார்க்கும் இடத்தைப் பொறுத்தது. தேய்ந்து மாவு பூத்த இடத்தில் வைத்தால் வெளிறிய நீலத்தைத்தான் தரும். அந்த இடத்தை முதலில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெதுவாகத் துடைத்து, பளபளப்பு வந்த பிறகே வைக்கவேண்டும்.

கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் கலவை அச்சாகப் பொருந்தியது. வாசலில் வெயிலுக்குக் கொண்டுவந்தால் ஊதா அடித்தது. வேறு வேறு நிறமிகளால் செய்த இரண்டு நீலங்கள் ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்து, இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். அந்தக் கலவையை அப்படியே வாங்கிவந்திருந்தால் முழு வண்டியும் வீணாகியிருக்கும். இரண்டு தடவை திருத்தினார்கள். காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வெயிலில் வைத்துப் பார்த்து, மூன்றாவது கலவையை எடுத்தேன். அட்டையில் அடித்த மாதிரியை நான் நம்பவே இல்லை. வளைந்த தகட்டில்தான் நிறம் எப்படி ஓடுகிறது, வெளிச்சம் விழும் இடத்தில் எவ்வளவு வெளுக்கிறது என்று தெரியும். உடைந்த ஒரு பழைய மட்கார்டை குஜிரியில் (பழைய சாமான் சந்தையில்) வாங்கி அதில்தான் எல்லாச் சோதனையும் செய்தோம்.

நிறத்தைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது அதன் பளபளப்பு. அந்த மட்கார்டை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கில் பிரஷ்ஷால் சிந்தெடிக் எனாமல். அடுத்ததில் காருக்கு அடிப்பதுபோல் பேஸ் கோட்டும் மேலே கிளியர் கோட்டும். மூன்றாவதில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் வரும் 2கே பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட்), பெயிண்டர்கள் டைரக்ட் கிளாஸ் என்பார்கள். டூகோ என்ற பழைய லேக்கர் வகைப் பெயிண்ட் அடிக்கலாமே என்று ஒருவர் சொன்னார். அது உலர்வது தின்னர் ஆவியாவதால். அந்த ஆவியாதல் தகட்டைக் குளிரவைக்கும், காற்றில் ஈரம் இருந்தால் அந்த ஈரம் பூச்சில் படிந்து பால்போல் வெண்மை பூக்கும். அது அக்டோபர் மாதம், பெங்களூரில் சாயங்காலம் தவறாமல் மழை. டூகோவை விட்டுவிட்டோம்.

கிளியர் கோட் அடித்த பங்குதான் எனக்கு முதலில் பிடித்தது. முகம் பார்க்கலாம் போல இருந்தது. அப்பா ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்த்து, “இன்னும் காயலயா?” என்றார். காய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் கண்ணுக்கு அது ஈரமாகவே தெரிந்தது. நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஓர் அடுக்கு நிற்பதால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்புகிறது, அந்த ஆழம்தான் ஈரத் தோற்றம் தருகிறது. இந்த வண்டிக்கு அது ஒருநாளும் இருந்ததில்லை. டைரக்ட் கிளாஸில் நிறமியே மேற்பரப்பு வரை இருக்கிறது, பளபளப்பு அடக்கமாக இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் குறைக்க மேட்டிங் பேஸ்ட் கலந்து சாட்டின் ஆக்கலாமா என்று யோசித்தேன். அது வேண்டாம் என்று தீர்மானித்ததற்கு ஒரே காரணம், கை அடிக்கடி படும் இடமும் துணி தேய்க்கும் இடமும் நாளடைவில் மெருகேறித் திட்டுத் திட்டாய் மின்னும், அதை பாலிஷ் போட்டுச் சரிசெய்யவும் முடியாது. டைரக்ட் கிளாஸே அடித்து, கடைசி ரப்பிங்கும் பாலிஷும் செய்யாமல் விட்டோம். ஸ்பிரே துப்பாக்கியிலிருந்து வந்த, ஆரஞ்சுத் தோல் போன்ற மெல்லிய மேடுபள்ளம் அப்படியே இருக்கிறது. லாரிக்கு அது அழகு என்பது என் உறுதியான எண்ணம்.

கேபின் வேறு விஷயம். அந்தக் காலத்தில் இந்த வண்டிகள் பெரும்பாலும் சேஸிஸும் முன் முகமுமாகத்தான் வாங்கப்பட்டன. கேபினையும் பின் பாடியையும் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் மரத்தில் கட்டினார்கள். எங்கள் கேபினையும் மரத்திலேயே புதிதாகக் கட்டியிருக்கிறோம். மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். அதன் மேல் இறுகிய 2கே அடித்தால் இணைப்புகளில் வெடிக்கும். அதனால் தகட்டுக்கு டைரக்ட் கிளாஸ், மரத்துக்கு பிரஷ்ஷால் எனாமல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் இரண்டின் மினுக்கமும் வேறாகத்தான் இருக்கும். கம்பெனியில் ஒரு பகுதியும் பட்டறையில் ஒரு பகுதியும் பெயிண்ட் ஆன வண்டி அது, அப்படித்தான் இருந்திருக்கும். சேஸிஸுக்குக் கறுப்பு, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பழைய எனாமலின் மேல் நேரடியாக 2கே அடித்தால் தின்னர் கீழடுக்கைக் கிளப்பிச் சுருக்கிவிடும் என்பதால் தகடு தெரியும்வரை எல்லாவற்றையும் எடுத்து, எபாக்ஸி பிரைமரிலிருந்து தொடங்கினோம். மழை முழுக்க ஓயட்டும் என்று பிப்ரவரி வரை காத்திருந்தோம். பெயிண்ட் இரண்டு பங்குக்கு ஹார்டனர் ஒரு பங்கு. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. ஷெட்டில் எல்லாரும் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தேன், அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் அண்ணனைத் துப்பாக்கியைத் தொட விட்டேன். அவருக்கு இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள்.

ஆர்.சி.யில் நிறம் என்ற இடத்தில் இன்னும் பழைய நிறமே இருக்கிறது. அதை மாற்றிப் பதிய ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். ஹார்டனர் கலக்காத பெயிண்ட் முக்கால் லிட்டர் மிச்சம். மூடியில் ஃபார்முலாவையும் தேதியையும் எழுதி, அம்மாவின் பரணில் வைத்திருக்கிறது.

பானட்டைத் திறந்தால் உள்பக்க விளிம்பில் அந்த வளையங்கள் இருக்கும். எல்லாவற்றையும் சுரண்டிய நாளில் அந்த உள்ளங்கை அகல இடத்தை மட்டும் டேப் ஒட்டிக் காப்பாற்றச் சொன்னேன். துரு பிடிக்காமல் இருக்க அதன் மேல் மட்டும் மெல்லிசாகக் கிளியர் அடித்தோம். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் கால் அங்குலத்துக்குப் பழுப்பு தெரிகிறது. அம்மாவிடம் அதையும் காட்டினேன். பார்த்துவிட்டு, “இருக்கட்டும்” என்றார்.